வீடு அவளுடையது, சொல் யாருடையது?

மட்டக்களப்பு நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 14 கிலோமீற்றர் தொலைவில், வாவிக்கு அருகே அமைந்துள்ளது ஏறாவூர். அவ்வூரின் ஒழுங்கைகளில் நடந்து செல்லும் ஒருவர், இரு மருங்கிலும் நெருங்கி நிற்கும் வீடுகளைச் சுட்டி, இவை யாருடையவை என்று வினவுவாராயின், அவருக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் பெண்களின் பெயர்களாகவே இருக்கும். வீடு மகளுக்கு உரியது. மகனோ மணமுடித்து மனைவியின் வீட்டுக்குச் செல்பவன். சட்டப் புத்தகத்தைப் பார்த்து எவரும் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் இது. மகள் பிறந்த அன்றே வாப்பாவின் மனத்தில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் விழுந்துவிடுகிறது. வயலில் உழைத்தும், வாவியில் வலை வீசியும், கடையில் நின்றும், பிற்காலத்தில் வளைகுடா நாடுகளுக்குச் சென்று வருந்தியும், வாப்பாவும் உம்மாவும் சகோதரரும் சேர்த்த பணம் கல்லும் மண்ணுமாக மாறி அவளுடைய பெயரில் எழுந்து நிற்கிறது.

அதே வீட்டில் ஒருநாள் திருமணம் நடைபெறுகிறது. பந்தலில் ஆண்கள் கூடியிருக்கிறார்கள். பெண்ணின் தந்தை 'வலி' என்னும் பொறுப்பாளராக அமர்ந்து, மணமகனின் கையைப் பற்றி, மகளை ஒப்படைக்கிறார். பதிவேடு விரிக்கப்படுகிறது, கையொப்பங்கள் இடப்படுகின்றன. மணமகள் உள்ளறையில் இருக்கிறாள். வீட்டின் உறுதியில் அவளுடைய பெயர் உண்டு. ஆனால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், மணப்பதிவேட்டில் அவளுடைய கையொப்பத்தைக் கேட்கவில்லை. காணிக்கும் கூரைக்கும் உடையவளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவள், தன் வாழ்வுக்கு உடையவளாக ஏற்றுக்கொள்ளப்பட்டாளா? உறுதிக்கும் பதிவேட்டுக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைத்தான் நாம் இங்கு ஆராயப் புகுகிறோம்.

இவ்வாராய்ச்சியில் நமக்குத் துணையாக ஒரு நாவலாசிரியையை அழைத்துக்கொள்வோம். வாழ்வையும் காதலையும் பெண்மையையும் பற்றி ஞானிகளும் கவிகளும் கூறியவை ஏராளம். அவற்றுள் பெரும்பகுதி ஆண்கள் பெண்களுக்குக் கூறியவை. அந்த உள்ளறையிலிருந்தே எழுந்து வந்த குரல்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகத்தின் குரல்.

நாகூருக்கும் மட்டக்களப்புக் கரைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் ஏற்றப்படும் கொடி, நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் ஏற்றப்படுவது. இடையே கடல் இருப்பினும் மொழி ஒன்று, மார்க்கம் ஒன்று, வழக்கங்கள் பலவும் ஒத்தவை. காயல்பட்டினம், கீழக்கரை முதலிய மரைக்காயர் ஊர்களிலும் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கு அழைத்துக்கொள்ளும் முறை நிலவி வந்திருக்கிறது. ஆகவே, நாகூரிலிருந்து எழுந்த ஒரு பெண்குரல் ஏறாவூருக்கு அந்நியமான குரலன்று.

முதலில் ஏறாவூரின் வழக்கத்தைச் சற்று விரிவாகக் காண்போம். முக்குவருக்கும் திமிலருக்கும் இடையே மூண்ட போரைப் பற்றிய ஒரு மரபுக் கதை மட்டக்களப்பில் வழங்குகிறது. முக்குவர் முஸ்லிம்களின் துணையை நாடினர் என்றும், இரு சாராரும் சேர்ந்து திமிலரை வடக்கே துரத்தினர் என்றும், அந்த ஓட்டத்தின் நினைவாகவே சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை, சந்திவெளி என்னும் ஊர்ப் பெயர்கள் ஏற்பட்டன என்றும் அக்கதை கூறும். வெற்றிக்குப் பின் முஸ்லிம்கள் ஏறாவூரில் குடியேறினர். முக்குவப் பெண்களை மணந்தனர். அப்பெண்களின் வழியே 'குடி' முறை முஸ்லிம்களிடையேயும் நிலைத்தது என்பது கதையின் முடிவு. கதையை வரலாறென்று அப்படியே கொள்ள வேண்டியதில்லை. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுட் பலரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பதும் நாம் அறிந்ததே. எனினும் மரபுக் கதை ஓர் உண்மையைச் சுமந்து நிற்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் இம்மண்ணில் ஒரே சமுதாய அமைப்பைப் பகிர்ந்துகொண்டனர். அந்த அமைப்பின் நடுவே தாய் இருந்தாள்.

ஒருவர் எக்குடியைச் சேர்ந்தவர் என்பதைத் தாயே தீர்மானிக்கிறாள். ஒரே குடிக்குள் மணம் கூடாது. பண்டைய முக்குவர் வழமையின்படி ஓர் ஆணின் முதுசச் சொத்து அவனுடைய பிள்ளைகளுக்குச் செல்லாமல் அவனுடைய சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. இவ்வழமையை 1876இல் பிரிட்டோ என்னும் சட்ட அறிஞர் நூலாக வெளியிட்டார். அதே 1876ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியினர் கொண்டுவந்த விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்துக்குப் பின் அவ்வழமை நீதிமன்றங்களில் வலுவிழந்தது. சட்டம் மறைந்தும் வழக்கம் மறையவில்லை. மருமகனுக்குச் சென்ற முதுசம் நின்றுபோயிற்று. மகளுக்குச் செல்லும் வீடு நிலைத்துவிட்டது.

எங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலைக் கற்ற நம் மாணவ நண்பர்கள், இதைக் கண்டதும் தாயுரிமையின் எச்சம் என்று மகிழக்கூடும். மகிழ்வதற்கு முன் சற்று நிதானிக்க வேண்டும். தாய்வழி வேறு, தாயாட்சி வேறு. தாய் வழியாகக் குடி செல்கிறது. ஆனால் குடியின் சார்பில் பள்ளிவாசலில் அமரும் மரைக்காயர் ஆண். கோயிலில் குடியின் சார்பில் நிற்கும் வண்ணக்கரும் ஆண். சொத்துச் செல்லும் வாய்க்காலாகப் பெண் இருந்தாள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் தந்தையின், தாய்மாமனின், சகோதரனின் கையில் இருந்தன. வாய்க்காலுக்கு நீர் சொந்தமென்று எவரும் கூறுவதில்லை அன்றோ?

ஆயினும் இவ்வழக்கத்தை இழிவாகப் பேசுவதும் தவறே. கணவன் வீட்டில் மாமியாரின் ஆட்சிக்குக் கீழே ஒதுங்கி வாழும் மருமகளின் நிலை ஏறாவூர்ப் பெண்ணுக்கு இல்லை. அவள் தன் தாயின் வீட்டிலோ, அதற்கு அடுத்த வளவிலோ, தன் சகோதரிகள் சூழ வாழ்கிறாள். மணமுறிவு நேரின் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியவன் கணவனே. இது சிறிய பாதுகாப்பன்று. உலகின் மிகப் பல நாடுகளில் பெண்கள் நெடுங்காலம் போராடியும் பெறாத பாதுகாப்பு இது.

இனி நாகூருக்குச் செல்வோம். சித்தி ஜுனைதா பேகம் 1917இல் பிறந்தார். பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரையே படித்தார். பன்னிரண்டாம் வயதில் அவருக்குத் திருமணமாயிற்று. இளமை கழியுமுன்பே விதவையானார். அக்காலத்தில் எத்தனையோ பெண்களின் வரலாறு இம்மூன்று வாக்கியங்களோடு முடிந்துவிட்டது. அவருடைய வரலாறு அங்கேதான் தொடங்கிற்று. வீட்டிலிருந்தபடியே தமிழ் நூல்களைக் கற்றார். தாருல் இஸ்லாம் போன்ற ஏடுகளில் எழுதினார். 1938இல் 'காதலா? கடமையா?' என்னும் அவருடைய நாவல் வெளிவந்தது. தமிழில் நாவல் எழுதிய முதல் முஸ்லிம் பெண் என்று அவர் போற்றப்படுகிறார். அந்நாவலுக்கு மதிப்புரை வழங்கியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். சங்க நூல்களைக் கரையான் வாயிலிருந்து மீட்ட அப்பேரறிஞர், மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்ற ஒரு முஸ்லிம் பெண்ணின் தமிழை வரவேற்றார் என்பது தமிழ் இலக்கிய வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்கத்தக்க செய்தி.

அவர் பன்னிரண்டு வயது நிரம்பிய ஆண்டு 1929. அவ்வாண்டு உலகில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை அவருடைய வாழ்வின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு செப்டெம்பரில் இந்திய மத்திய சட்டசபை குழந்தைமணத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. சாரதா சட்டம் என்று பெயர் பெற்ற அது, பெண்ணின் மணவயது 14க்குக் குறையக்கூடாதென விதித்தது. 1930 ஏப்ரல் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1929 ஒக்டோபரில் இங்கிலாந்தில் வெர்ஜீனியா வுல்ஃப் தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ஒரு பெண் எழுத வேண்டுமானால் அவளுக்குச் சொந்த வருவாயும், தாழிட்டுக்கொள்ளத்தக்க ஓர் அறையும் வேண்டும் என்பது அந்நூலின் வாதம். ஆண்டுக்கு 500 பவுண் என்று தொகையையும் அவர் குறிப்பிட்டிருந்தார்.

வுல்ஃப் அம்மையாரின் வாதத்தை நாம் மதிக்கிறோம். பொருளாதார அடிப்படையின்றிச் சிந்தனைச் சுதந்திரம் நிலைக்காது என்பதை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் மணமான பெண் தன் சொத்தையும் வருவாயையும் தன்னுடையதாகக் கொள்வதற்கு 1882ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தாள். அதற்கு முன், 1847இல், சார்லட் பிராண்டி தம் நாவலை வெளியிட்டபோது ஓர் ஆணின் பெயர் போன்ற புனைபெயருக்குப் பின்னே மறைந்துகொள்ள நேர்ந்தது. அந்நாட்டுப் பெண்கள் சொத்தையே முதற் கேள்வியாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை.

ஏறாவூர்ப் பெண்ணிடம் இக்கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. அவளுக்கு ஓர் அறை மட்டுமன்று, ஒரு முழு வீடே இருக்கிறது. இஸ்லாம் 7ஆம் நூற்றாண்டிலேயே பெண்ணுக்குச் சொத்துரிமையை வழங்கிவிட்டது; மணமகன் அவளுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் அவளுக்கே உரியது. அப்படியிருந்தும் அவ்வீடுகளிலிருந்து எத்தனை நாவல்கள் பிறந்தன? வீடு இருந்தும் குரல் எழவில்லையென்றால், அறையும் வருவாயும் போதா என்பது தெளிவாகிறது. கல்வி வேண்டும். அதனினும் மேலாக, 'நான் நினைப்பது ஒரு பொருட்டாக எண்ணப்படும்' என்னும் நம்பிக்கை வேண்டும். ஜுனைதா பேகத்தின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் முதல் உண்மை இது. அவருக்குப் பள்ளி மறுக்கப்பட்டது. மணவயதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மறுக்கப்பட்டது. சொல்லை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அவருடைய நூல்களின் தலைப்புகளைச் சற்றுக் கவனியுங்கள். 'காதலா? கடமையா?' என்பது ஒரு வினா. பொதுவாக இவ்வினாவை ஆண் பாத்திரங்களே கேட்டுக்கொள்வதை நம் இலக்கியத்தில் கண்டிருக்கிறோம். அரசன் கேட்கலாம், போர்வீரன் கேட்கலாம், துறவி கேட்கலாம். பெண்ணுக்கு இவ்விரண்டும் பிறரால் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. அவளுடைய காதல் குற்றம்; அவளுடைய கடமை விதி. இரண்டையும் தராசில் இட்டுப் பார்ப்பதற்குக் கை வேண்டும். அந்தக் கையே அவளுக்கு மறுக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு வயதில் மணமுடிக்கப்பட்ட ஒருத்தி, வளர்ந்தபின் பேனாவை எடுத்து முதலில் எழுதிய நாவலின் முகப்பிலேயே இந்தத் தராசை வைத்தாள் என்பதில் ஆழ்ந்த பொருள் உண்டு. தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாதவளுக்குக் காதலும் இல்லை, கடமையும் இல்லை. இருப்பது கட்டளை ஒன்றே.

மற்றொரு நூலுக்கு அவர் இட்ட பெயர் 'பெண் உள்ளம் அல்லது சுதந்திர உதயம்'. இரட்டைத் தலைப்பு இடுவது அக்கால நாவல்களின் மரபே. ஆயினும் 'அல்லது' என்னும் அச்சிறு சொல், பெண்ணின் உள்ளத்தையும் சுதந்திரத்தின் விடியலையும் சமன்படுத்தி நிறுத்துகிறது. ஒன்று விடிந்தால்தான் மற்றது விடியும் என்பதே அதன் உட்கருத்தென நாம் கொள்ளலாம். நாடெங்கும் சுதந்திரப் போராட்டத்தின் குரல் கேட்டுக்கொண்டிருந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அச்சுதந்திரம் வீட்டின் உள்ளறைக்கும் வரவேண்டுமென எதிர்பார்த்தார். 'இஸ்லாமும் பெண்களும்' என்னும் நூலையும் அவர் எழுதினார். மார்க்கத்தைத் துறந்து அவர் உரிமை கேட்கவில்லை; மார்க்கத்தின் உள்ளே நின்று, அது தனக்கு வழங்கிய உரிமையையே கேட்டார். 1998இல் அவர் மறைந்தார்.

அவர் தனியாக நின்றவரல்லர். தமிழ்நாட்டில் வை. மு. கோதைநாயகி அம்மாள், குழந்தைப் பருவத்திலேயே மணமாகி, பள்ளி செல்லாமலே 115 நாவல்களை எழுதிக் குவித்தார். 'ஜகன்மோகினி' இதழையும் நடத்தினார். நம் நாட்டிலோ, ஜுனைதா பேகத்துக்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1914இல், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்னும் நாவலை வெளியிட்டார். ஈழத்தின் முதல் பெண் நாவலாசிரியை அவர். கிறித்தவராகிய அவர், நூலின் பெயரை விவிலியத்தின் 51ஆம் சங்கீதத்திலிருந்து எடுத்துக்கொண்டார். கொடிய கணவனிடம் அகப்பட்டு உள்ளம் நைந்து வாழும் கண்மணியும், பெற்றோர் காட்டிய வழியை மறுத்துத் தான் விரும்பியவனை மணக்கும் பொன்மணியும் அந்நாவலின் இரு பெண்கள். பொறுமைக்கு முடிவு என்ன, துணிவுக்கு முடிவு என்ன என்பதை வாசகர் தாமே ஒப்பிட்டுப் பார்க்கும்படி அவர்களை அருகருகே நிறுத்தினார் ஆசிரியை.

அந்நாவல் வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1911இல், யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. சீதனமாகப் பெற்ற காணி மனைவிக்கு உரியதென்று அச்சட்டம் ஏற்றது. எனினும் அதை அவள் விற்கவோ ஈடுவைக்கவோ வேண்டுமாயின் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென்றும் விதித்தது. மனைவியின் காணிக்குக் கணவனின் கையொப்பம் தேவை. மனைவியின் மணத்துக்கு மனைவியின் கையொப்பம் தேவையில்லை! வடக்கின் சட்டம் ஒன்று, கிழக்கின் வழக்கம் ஒன்று, சமயங்கள் இரண்டு. இவற்றின் அடியில் ஓடும் நீரோட்டம் ஒன்றே. பெண் சொத்தைத் தாங்கலாம். சொல்லைத் தாங்கலாகாது என்பதே அது. கண்மணியிடம் சீதனம் இல்லாமலா அவள் உள்ளம் நொறுங்கிற்று?

ஏறாவூரின் வீட்டு வழக்கத்திலும் இதன் மறுபக்கத்தைக் காண்கிறோம். மகளுக்கு வீடு கொடுப்பது ஒரு காலத்தில் அவளுடைய பாதுகாப்புக்காக. நிலம் அருகி, கூலி உயர்ந்து, பணப் பொருளாதாரம் வேரூன்றிய பின், அதே வீடு மணச்சந்தையில் மாப்பிள்ளையை வாங்கும் விலையாக மாறிவிட்டது. வீட்டோடு ரொக்கமும் சேர்ந்தது. அதற்குக் கைக்கூலி என்று பெயர். 1951ஆம் ஆண்டுச் சட்டம் கைக்கூலியைப் பெயர் சொல்லியே ஏற்றுக்கொண்டு, மனைவி அதைத் திரும்பப் பெறும் உரிமையையும் குறிப்பிட்டது. ஆயினும் திரும்பக் கேட்பதற்கு முன் அவள் காதியார் முன் நிற்க வேண்டும். காதியார் பதவிக்கு ஆண்களை மட்டுமே அச்சட்டம் கருதிற்று. மூன்று குமர்கள் உள்ள வீட்டில் வாப்பாவின் முதுகு வளைகிறது; உம்மா கடல் கடந்து பிறர் வீட்டுச் சமையலறையில் உழைக்கிறாள்; மகன் தன் மணத்தைத் தள்ளிவைக்கிறான். ஒரு பெண்ணுக்காக இத்தனை பேர் உழைக்கும்போது, அவள் 'எனக்கு இவர் வேண்டாம்' என்று சொல்வது எப்படி? வீடே அவளுடைய வாயை மூடிவிடுகிறது. அன்பினால் கட்டப்பட்ட சுவரே அவளுக்கு ஊமைத்தனத்தைத் தருகிறது. இக்கொடுமைக்குக் காரணம் தனிப்பட்ட எந்தத் தந்தையுமல்லர். மணத்தைப் பண்டமாற்றாக்கிய சமுதாய அமைப்பே.

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். பெண்ணின் சம்மதத்தை மார்க்கம் கேட்கத்தானே செய்கிறது என்பர். உண்மை. கன்னிப் பெண்ணிடமும் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்பது நபிமொழி. நாணத்தால் அவள் வாய் திறவாவிடின், அவளுடைய மௌனத்தையே சம்மதமாகக் கொள்ளலாம் என்பதும் அதனோடு சேர்ந்தது. நாணமுள்ளவளைப் பேசும்படி வற்புறுத்தாத கருணை அது. கருணையாக வழங்கப்பட்டதைச் சமுதாயம் வசதியாக மாற்றிக்கொண்டது. கேட்காமலே மௌனத்தை ஊகித்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டது. மௌனம் என்பது சம்மதமாகவும் இருக்கலாம், அச்சமாகவும் இருக்கலாம், பன்னிரண்டு வயதின் அறியாமையாகவும் இருக்கலாம். இம்மூன்றையும் பிரித்தறிவது எங்ஙனம்? வயது வந்த பெண் தன் நிக்காஹ்வைத் தானே செய்துகொள்ள ஹனபி மத்ஹபு இடமளிக்கிறது. ஆகவே, அவளுடைய கையொப்பத்தைக் கேட்பது மார்க்கத்துக்கு விரோதமென்று கூறுவார் வாதம் நிலைபெறாது.

1951ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் மணவயதுக்கு உறுதியான கீழெல்லை எதையும் விதிக்கவில்லை. 12 வயதுக்குக் குறைந்த சிறுமியின் மணத்தைக்கூடக் காதியாரின் அனுமதியோடு பதியலாம் என்றது. 1995இல் நாட்டின் பொது விவாகச் சட்டம் மணவயதை 18ஆக உயர்த்தியபோது, முஸ்லிம் பெண் அதற்கு வெளியே நின்றாள். 1929இல் நாகூரில் ஒரு சிறுமிக்கு நேர்ந்ததை, அவர் நாவலாசிரியையாகிப் புகழ்பெற்ற பின்னும் ஈழத்துச் சட்டம் தடுக்கவில்லை. 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் சீர்திருத்தக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2018இல் கையளிக்கப்பட்டபோது உறுப்பினர்கள் இரு பிரிவாகப் பிரிந்து நின்றனர். மணவயது, மணமகளின் கையொப்பம், பெண் காதியார் என்பன அவ்விவாதத்தின் நடுவே நின்ற கேள்விகள். ஒன்பது ஆண்டுகள் அறிஞர்கள் கூடிப் பேசிய அக்கேள்விகளை, நாகூரின் உள்ளறையில் இருந்த ஒருத்தி 1938இலேயே ஒரு நாவலின் தலைப்பில் வைத்துவிட்டாள்.

வீட்டின் மதிப்பை ஏறாவூர் கண்ணீரோடு உணர்ந்த ஒரு காலமும் உண்டு. 1990 ஓகஸ்டு 11ஆம் நாள் இரவு அவ்வூர் முஸ்லிம்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 9ஆம் நாள், அருகிலுள்ள சத்துருக்கொண்டானில் தமிழ் மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் இராணுவத்தினரால் கொல்லப்பட்டனர். ஒரே மரபுக் கதையில் அடுத்தடுத்துப் பெயர் பெற்ற இரண்டு ஊர்கள் ஒரே பருவத்தில் குருதியில் நனைந்தன. அதன்பின், இரு சமூகங்களிலும், ஆண் துணையை இழந்த பெண்கள் குடும்பச் சுமையைத் தோளில் ஏற்றனர். அவர்களுக்குத் தாய்வழி வந்த வீடு ஒதுங்கும் நிழலாயிற்று. நேற்று வரை 'உனக்கு என்ன தெரியும்?' என்று கேட்கப்பட்டவர்கள், இன்று காணிக் கந்தோரிலும் பிரதேச செயலகத்திலும் தம் பெயரைத் தாமே எழுதிக் கையொப்பமிட வேண்டியவர்களானார்கள். அவர்களால் முடியுமா என்று எவரும் கேட்கவில்லை. அவர்கள் முடித்துக் காட்டினார்கள். துயரத்தின் நடுவே தகுதியுள்ளவள் என ஏற்கப்பட்ட பெண், தன் மணநாளில் மட்டும் தகுதியற்றவளாவது எவ்வாறு?

நம்முள் முற்போக்குச் சிந்தனையுள்ள ஆண்கள் இங்கு ஒன்றை மறக்கலாகாது. முஸ்லிம் பெண்களின் கல்விக்காக 19ஆம் நூற்றாண்டிலேயே குரல் கொடுத்தவர் கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவரும், 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை எழுதியவரும் அவரே. அவர் போன்றவர்கள் கதவைத் திறந்தார்கள். திறந்த கதவின் வழியே வந்து பேசவேண்டியவள் பெண்ணே. அவளுக்காக நாம் எவ்வளவு பேசினாலும் அது அவளுடைய பேச்சாகாது. 1945இல் வந்த இலவசக் கல்வியும், 1981இல் வந்தாறுமூலையில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியும் ஏறாவூர்ப் பெண்ணுக்கு, ஜுனைதா பேகத்துக்குக் கிடைக்காத வாய்ப்பைத் தந்தன. மூன்றாம் வகுப்போடு நின்றவர் ஒரு நாவலைத் தந்தார் என்றால், பட்டம் பெற்றவர்கள் தரவேண்டியது எவ்வளவு!

ஆசிரிய நண்பர்களே, இப்பெண்களின் நூல்களை நம் வகுப்பறைகளுக்குக் கொண்டு வாருங்கள். முதல் நாவல், முதல் பெண் என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்வித்துத் தேர்வுக்கு அனுப்பிவிடுவதோடு நம் பணி முடிந்துவிடாது. கண்மணி ஏன் பொறுத்தாள், பொன்மணி எப்படி மறுத்தாள், காதலா கடமையா என்று கேட்க எவருக்கு உரிமை உண்டு என்று மாணவிகளைக் கேளுங்கள். அவர்கள் விடை கூறச் சற்று நேரம் ஆகலாம். அந்த மௌனத்தைச் சம்மதமென்று நாமும் எழுதிவிடாமல், அவர்கள் பேசும் வரை காத்திருப்போம்.

ஏறாவூரின் வீடுகள் பெண்களுடையனவாகவே இருக்கட்டும். அவ்வழக்கம் அழிய வேண்டுமென்று எவரும் விரும்பவில்லை. அவை அவளை விற்கும் விலையாக இல்லாமல் அவள் நிற்கும் நிலமாக மாறட்டும். உறுதியில் எழுதப்பட்ட அதே பெயரை, பதிவேட்டிலும் அவளே தன் கையால் எழுதட்டும். பெண்ணின் உள்ளம் விடிவதும் சுதந்திரம் விடிவதும் ஒன்றே என்று ஜுனைதா பேகம் தம் நூலின் முகப்பிலேயே சொல்லிவிட்டார். அதை நம் ஊர்களில் நடத்திக் காட்டும் பொறுப்பு நம்முடையது.